அமைதி சான்றாகுமா? காந்தி கேட்ட குரலும் ராஜாஜி தொடுத்த வாதமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன்.)



நம்பிக்கையாலும் உள்ளுணர்வாலும் கிடைக்கும் மன அமைதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். இந்தப் பொருளில் இன்று ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கிறது. கண்ணை மூடு, உள்ளே ஒரு குரல் கேட்கும், அதன்படி நட, நிம்மதி தானாக வரும் என்கிறார்கள். அதைக் கேலி பேச நான் வரவில்லை. உள்ளே குரல் கேட்கத்தான் செய்கிறது. அதன்படி நடந்தவர்களுக்கு நிம்மதியும் கிடைத்திருக்கிறது. என் கேள்வி அதற்கு அடுத்தது. கிடைத்த நிம்மதி, கேட்ட குரல் சரியானதுதான் என்பதற்குச் சான்றாகுமா?

ஆகாது என்பது என் கட்சி. ஆகாது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குரலைச் சோதனைக்கு உட்படுத்தியவருக்கே நிம்மதி தங்கியது என்பது அதன் இரண்டாம் பாதி. இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் கோலம் போட்டதாகிவிடும். அதனால் ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்கிறேன். உட்குரலை நம்பிக் கோடிக்கணக்கானவர்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுத்தவர். எடுத்ததை எல்லாம் எழுதியும் வைத்தவர். காந்தி. அவரோடு இன்னொருவரும் இந்தக் கதையில் வந்துகொண்டே இருப்பார். காந்தி தம் மனசாட்சிக் காவலர் என்று அழைத்த ராஜாஜி.

1. நள்ளிரவில் கேட்ட குரல்

1933 ஏப்ரல் மாதக் கடைசி. எரவாடா சிறை. காந்திக்கு வயது 63. தீண்டாமை ஒழிப்பு வேலையில் ஈடுபட்டிருந்தவர்களிடமே தூய்மை போதவில்லை என்ற வருத்தம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த ஓர் இரவில் குரல் கேட்டது: உபவாசம் இரு, இருபத்தொரு நாள் இரு. மே 8 அன்று தொடங்கினார். அன்றே அரசு அவரை விடுதலை செய்தது. புணேயில் தாக்கர்சி அம்மையாரின் பர்ணகுடி மாளிகையில் உபவாசம் தொடர்ந்து, மே 29 அன்று முடிந்தது.

சில வாரம் கழித்து 'ஹரிஜன்' இதழில் அந்த இரவைப் பற்றி எழுதினார். நமக்கு வேண்டியது அந்தக் குறிப்புதான். குரல் வருவதற்கு முன் உள்ளே பெரும் போராட்டம் நடந்தது என்கிறார். பக்கத்தில் ஒரு மனிதர் நின்று பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது என்கிறார். கேட்டதும் போராட்டம் அடங்கியது, மனம் அமைதியானது. இதைப் பிறருக்கு நிரூபிக்கத் தம்மிடம் எதுவும் இல்லை என்றும், இது மனப்பிரமை என்று யாராவது சொன்னால் மறுக்க வழியில்லை என்றும், ஆனாலும் உலகமே திரண்டு சொன்னாலும் தம் நம்பிக்கை அசையாது என்றும் அதே குறிப்பில் எழுதுகிறார்.

இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறார், பாருங்கள். என்னளவில் எனக்கு ஐயமில்லை. உன்னிடம் காட்ட என்னிடம் அத்தாட்சி இல்லை. உட்குரல் பேசும் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உளவியல் அறிஞர்கள் இந்த இடத்துக்கு வேறு வழியாக வந்திருக்கிறார்கள். தீயணைப்புப் படைத் தலைவர்கள் கண நேரத்தில் எடுக்கும் முடிவுகளை ஆராய்ந்து உள்ளுணர்வின் ஆற்றலை எடுத்துச் சொன்னவர் கேரி கிளைன். உள்ளுணர்வு எப்படியெல்லாம் நம்மை ஏமாற்றும் என்று காட்டியவர் டேனியல் கானமன். எதிரெதிர் முகாம்கள். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒழுங்கு உள்ள ஒரு துறையில் நெடுங்காலம் பழகி, தன் முடிவு சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ள வாய்த்தவரின் உள்ளுணர்வை நம்பலாம். மற்ற இடங்களில், 'எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது' என்ற அந்த உறுதியை அளவுகோலாகக் கொள்ள முடியாது. இதுதான் அவர்கள் ஒத்துப்போன இடம். மனம் அடங்கிய அந்த நிலை உண்மையானது. ஆனால் அது மனத்தைப் பற்றிய செய்தி. வெளியே உள்ள உலகத்தைப் பற்றி அது எதையும் சொல்லிவிடவில்லை.

2. குரல் வரும் நேரம்

அப்படியானால் நல்ல உள்ளுணர்வு யாருக்கு, எப்போது வருகிறது? இதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது.

1919 மார்ச். விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்யும் ரௌலட் மசோதாவை எப்படி எதிர்ப்பது என்று தெரியாமல் காந்தி சென்னைக்கு வருகிறார். கதீட்ரல் சாலையில் ஒரு வீட்டில் தங்குகிறார். 'இந்து' நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்காருடைய விருந்தாளியாகத் தங்கியிருப்பதாக முதலில் நினைத்துக்கொண்டிருந்தார்; அண்மையில்தான் சேலத்திலிருந்து வந்து குடியேறியிருந்த ராஜாஜி என்ற ராஜகோபாலாச்சாரியார்தான் விருந்தோம்புகிறவர் என்று செயலர் மகாதேவ தேசாய் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு கூச்சம் நம்மவருக்கு, முன்னால் வரவேயில்லை. பிறகு நாள்தோறும் இருவரும் பேசினார்கள். பொதுக்கூட்டம் போடுவதைத் தாண்டி ஒரு வழியும் புலப்படவில்லை. மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அந்த இரவு யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார். வழக்கத்தைவிட முன்னதாக விழிப்பு வந்து, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருந்தபோது கனவுபோல ஒரு யோசனை வந்தது: நாடு முழுவதும் ஒரு நாள் கடையடைப்பு, உபவாசம், பிரார்த்தனை. காலையில் ராஜாஜியிடம் சொன்னார். அவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

கனவில் வந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் இது அற்புதக் கதை. அதற்கு முன்னால் நாள் தவறாமல் நடந்த வாதத்தையும், தென்னாப்பிரிக்காவில் இருபதாண்டு பட்ட பாட்டையும் சேர்த்துக்கொண்டால் வேறு கதை. 1930இலும் இதுவே நடந்தது. அந்த ஜனவரியில் சபர்மதிக்கு வந்த தாகூரிடம், இரவு பகலாக யோசிக்கிறேன், சூழ்ந்திருக்கும் இருட்டில் வெளிச்சம் தெரியவில்லை என்றார் காந்தி. அடுத்த சில வாரங்களில் உப்புச் சட்டத்தை மீறும் யோசனை அவருக்குத் தோன்றியது. மோதிலால் நேரு போன்றவர்களுக்கு அது விளையாட்டாகப் பட்டது. மார்ச் 12 அன்று புறப்பட்டு ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பை அள்ளினார். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி கிளம்பினார். அந்த வரலாறு உங்களுக்குத் தெரியும், விரிக்கவில்லை.

யோசனையை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோய்விட்டு, இனி முடியாது என்று கையை விரித்தவருக்குக் குரல் கேட்டிருக்கிறது. யோசிப்பதற்குச் சோம்பல்பட்டுக் கண்ணை மூடியவருக்குக் கேட்டதாக இந்த வாழ்க்கையில் எடுத்துக்காட்டு இல்லை. நம் நாட்டில் 'மனசு சொல்லுது' என்று சொல்லும்போது பெரும்பாலும் விசாரிக்க அலுப்பாக இருக்கிறது என்றுதான் பொருள். இதை என் மாணவர்களைப் பார்த்தே சொல்கிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, அவ்வளவு உழைத்தவருக்குக் கேட்ட குரலாவது தப்பாமல் இருந்ததா? 1919 ஏப்ரல் 6 அன்று நாடு திரண்டது. அடுத்த வாரமே அகமதாபாத்திலும் பஞ்சாபிலும் வன்முறை வெடித்தது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக் படுகொலை. ஏப்ரல் 18 அன்று காந்தி இயக்கத்தை நிறுத்தினார். சட்டத்தை மனமுவந்து மதிக்கப் பழகாத மக்களைச் சட்டத்தை மீறச் சொன்னது தம் பிழை என்றார். நடியாதில் முதன்முதலாக அவர் சொன்ன 'இமாலயத் தவறு' என்ற சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. கதீட்ரல் சாலையில் விடியற்காலையில் கேட்ட அதே குரலின் விளைவுதான் இது. ஊர் சிரித்தது. ஆனால் தவறு என்று ஒப்புக்கொண்டதற்காகத் தாம் ஒருபோதும் வருந்தியதில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார். குரலால் வந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. தவறை ஒப்புக்கொண்டதில் வந்த நிம்மதி வாழ்நாள் முழுக்க நின்றது. இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. விலையை யார் கொடுப்பது?

காந்தி தமக்கு ஒரு வேலி போட்டுக்கொண்டார். உட்குரல் கேட்டால், அதன் சுமை முதலில் என் உடம்பின் மேல்தான் விழ வேண்டும். உபவாசம் அதனால்தான். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியதும் அப்படித்தான். மக்களுக்குக் கதர் வாங்க வசதி இல்லை என்றால், குறைத்துக்கொள்ள வேண்டியது என் துணி. அதற்கு முன்பே இருமுறை அந்த எண்ணம் வந்து தயங்கியிருக்கிறார். மதுரையில்தான் துணிந்தார்.

கேட்பதற்கு நேர்மையான வேலியாகவே இருக்கிறது. ஆனால் அது எல்லா நேரமும் காவலாக நிற்கவில்லை. 1932 செப்டம்பர் 20 அன்று தாழ்த்தப்பட்டோருக்கு, அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி கூடாது என்று அவர் சாகும்வரை உபவாசம் தொடங்கினார். பட்டினி கிடந்தது காந்தி. நெருக்கடி முழுவதும் விழுந்தது அம்பேத்கரின் தலைமேல். காந்தி இறந்துபோனால் நாடெங்கும் சேரிகளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியவராக அம்பேத்கர் இருந்தார். நான்கு நாளில் புணே ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி போய், பொதுத்தொகுதிகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதை நிர்ப்பந்தம் என்று அம்பேத்கர் பின்னாளில் கடுமையாக எழுதினார். அவர் எழுதியதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. தன்னை வருத்திக்கொள்கிறேன் என்று சொல்லும் குரல் இன்னொருவரின் கையை முறுக்கவும் கூடும்.

இதைவிடச் சங்கடமான ஒன்று 1946-47இல் வங்கத்தின் நவகாளியில் நடந்தது. தம் பிரம்மச்சரியத்தைச் சோதிக்கிறேன் என்று பேத்தி முறையுள்ள இளம்பெண் மனுவை அந்தச் சோதனைக்கு உட்படுத்தினார். அங்கே அவருடைய உதவியாளராக இருந்த மானுடவியல் அறிஞர் நிர்மல் குமார் போஸ் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். சோதனை யாருடையது, சுமை யாருடையது என்பதே அவர் கேள்வியின் சாரம். காந்தியிடம் பக்தி உள்ளவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. போஸ் கேட்டது சரி.

இதே காலத்தில் வேறொரு விதமான நம்பிக்கையையும் பார்க்கிறோம். 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்ற பொருள்பட அம்பேத்கர் அறிவித்தார். உள்ளே முடிவாகிவிட்டது. ஆனால் எங்கே போவது என்பதை அவர் குரலிடம் விடவில்லை. மதங்களைப் படித்தார், ஒப்பிட்டார், பலரோடு வாதாடினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இருபத்தொரு ஆண்டுகள். காந்தி உபவாசம் இருந்தது இருபத்தொரு நாள். எண் ஒத்துப்போவதில் பொருள் ஒன்றும் இல்லை. இருபத்தொரு ஆண்டு காத்திருக்கவும் ஒரு நம்பிக்கையால் முடியும் என்பதில் பொருள் இருக்கிறது.

4. எதிர்வாதம் செய்யும் நண்பர்

காங்கேயத்துக்கு அருகில் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே 'ஆண்டவன் உத்தரவு' கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் வந்து, இன்ன பொருளை வைக்கச் சொல்வார் என்பது நம்பிக்கை. பக்தர் வந்து கனவைச் சொன்னதும் பொருளை அப்படியே வைத்துவிடுவதில்லை. சந்நிதியில் பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பெட்டி திறக்கும். பூக்கேட்பதை அறிவியல் என்று நான் சொல்லவில்லை. கனவு கண்டவரே அந்தக் கனவுக்கு நீதிபதியாக இருக்கக் கூடாது என்று அந்த வழக்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

காந்திக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் நண்பர்கள். 1933 உபவாசத்தை ராஜாஜி ஏற்கவில்லை. சிறைக்குச் சென்று வாதாடினார். இந்த வயதில் இந்த உடம்பு தாங்குமா, மருத்துவர்கள் பரிசோதித்துச் சொல்லட்டும் என்றார். காந்திக்குக் கோபம் வந்தது. கடவுள் சொன்னதற்கு மருத்துவரிடம் சான்றிதழா? சீறிவிட்டார். பிறகு வருந்திக் கடிதம் எழுதினார். குரல் தந்த அமைதி ஒரு நண்பரின் கேள்வியில் கலைந்துபோனது என்பதும், கலைந்ததை அவரே உணர்ந்து மன்னிப்புக் கேட்டார் என்பதும் எனக்கு அந்த உபவாசத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. ராஜாஜி கடைசி வரை இணங்கவில்லை. ஆனால் விலகிப் போகவும் இல்லை. உபவாசம் முடிந்த மூன்று வாரத்துக்குள், ஜூன் 16 அன்று, அதே பர்ணகுடியில் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் திருமணம் நடந்தது.

பதினான்கு ஆண்டு கழித்து இருவரும் மறுபடி இதே வாதத்தில் நின்றார்கள். 1947 ஆகஸ்டு கடைசி. கல்கத்தா. பேலியாகாட்டா பகுதியில் ஹைதரி மாளிகை என்ற பாழடைந்த வீட்டில் காந்தி முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தியோடு தங்கியிருந்தார். சுதந்திர நாளில் கட்டித் தழுவிக்கொண்ட நகரம் மறுபடி வெட்டிக்கொள்ளத் தொடங்கியது. ஆகஸ்டு 31 இரவு ஒரு கும்பல் அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்தது. மறுநாள் உபவாசம் என்று முடிவுசெய்து அறிக்கை எழுதினார் காந்தி. ராஜாஜி அப்போது மேற்கு வங்க ஆளுநர். இரவில் வந்து உட்கார்ந்து வாதாடினார். ரௌடிகளுக்கு எதிராகவா உபவாசம் இருப்பது? நீங்கள் போய்விட்டால் இந்தத் தீ இன்னும் பரவாதா? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கக் கூடாதா? காந்தி அசையவில்லை.

முடியாது என்று தெரிந்ததும் ராஜாஜி அறிக்கையை வாங்கிப் படித்தார். உபவாச நாள்களில் தண்ணீர், உப்பு, சோடா உப்பு, எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொள்வேன் என்று அதில் இருந்தது. ஆண்டவன் கையில் விட்டுவிட்டேன் என்கிறீர்கள், பிறகு எலுமிச்சைச் சாறு எதற்கு என்று கேட்டார் ராஜாஜி. எழுதும்போதே எனக்கு உறுத்தியது, பலவீனத்தால் சேர்த்துவிட்டேன் என்று சொல்லி, காந்தி அந்த இடத்தை அடித்தார். நம்பிக்கையே இல்லாமல் வாதாட வந்த வக்கீல், நம்புகிறவரின் நம்பிக்கையில் இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்! உபவாசம் செப்டம்பர் 4 இரவு முடிந்தது, 73 மணி நேரம். கலகக்காரர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார்கள். அந்த உபவாசத்தை எதிர்த்து வாதாடிய ராஜாஜியே பிறகு, காந்தியின் சாதனைகளில் இதற்கு ஈடு இல்லை என்ற கருத்தைச் சொன்னார்.

இது ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942இல் பாகிஸ்தான் கோரிக்கையிலும் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்திலும் ராஜாஜியின் மனசாட்சி வேறு திசையில் இழுத்தது. உன் கருத்தை முழுச் சுதந்திரத்தோடு சொல்ல வேண்டுமானால் காங்கிரசை விட்டு வெளியே நின்று சொல் என்றார் காந்தி. ராஜாஜி விலகினார். நட்பு முறியவில்லை.

5. திருநெல்வேலியில் சொன்ன சொல்

சுருக்கமாக ஒன்று. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். ஹரிஜன நிதிக்காகத் தென்னாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். தாகூர் கொதித்துப்போனார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும். கோடிப் பேர் வணங்கும் ஒருவர் இப்படிப் பேசினால் மக்களின் பகுத்தறிவு மழுங்கிப்போகும் என்று எழுதினார். அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரி 16 அன்று வெளியிட்ட காந்தி, தம் பதிலையும் கூடவே வெளியிட்டார். பின்வாங்கவில்லை.

தாகூர் சொன்னதுதான் சரி. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் உட்குரல் சொல்லலாம். பூமி ஏன் நடுங்கியது, இந்தக் குழந்தை ஏன் செத்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் 'எனக்கு முன்னாலேயே மனசுல பட்டுச்சு', 'அவங்க செஞ்ச பாவம்' என்று சொல்ல யாராவது ஒருவர் வந்து உட்காருவார். அந்த வீட்டில் ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவர்கள் இதையும் சுமக்க வேண்டும். பிறர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியதும் நம்பிக்கை கொடுமையாகிவிடுகிறது. காந்திக்கே அது நேர்ந்தது என்றால் நமக்கு நேராது என்று சொல்ல முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். காந்தியின் எழுத்துகள் நூறு தொகுதிகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் அவர் ராஜாஜிக்கு எழுதிய கடிதங்கள் முப்பதாண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வரிக் கடிதமும் உண்டு, நீண்ட சண்டையும் உண்டு. அவற்றில் இருவரும் முரண்பட்ட இடங்களை மட்டும் தேடி எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கி, தமிழில் நல்ல முன்னுரையோடு யாராவது ஒருவர் பதிப்பித்துத் தாருங்கள். உங்கள் முனைவர் பட்டத்துக்கு அது போதும். வழிகாட்டி இணங்க மாட்டார் என்று தோன்றினால் அவரிடம் போய் வாதாடுங்கள்.